லாஜிக் புதுசா படிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க (ரங்கூன்ல இருந்து)

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு முன்ரூம்ல நாலஞ்சு பிள்ளைங்களும் ரெண்டு மூணு பெரியவங்களும் உக்காந்து லாஜிக் படிக்கறோம். எல்லாரும் பள்ளிக்கூடத்துல பர்மிய மொழி, புஸ்தகத்துல இங்கிலீஷ், வீட்டுல தமிழ்னு வளர்ந்தவங்க. புதுசா ஒருத்தர் வந்தா மறுபடி அதே கேள்விங்கதான் வருது, அதான் பதிலோட எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. இத படிக்க முன்னாடி எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம்.

லாஜிக்னா சாமர்த்தியமா பேசறதா?

இல்லைங்க. ஒருத்தர் ரெண்டு மூணு விஷயம் சொல்லி "அதனால இது"ன்னு ஒரு முடிவுக்கு வர்றார்ல, அந்த "அதனால" நிக்குமா நிக்காதான்னு பாக்கறதுதான் லாஜிக். அதுலயும் ஃபார்மல் லாஜிக்னா பேசற விஷயத்த எடுத்து ஓரமா வெச்சிட்டு வெறும் வடிவத்த மட்டும் பாக்கறது.

நம்ம ஊர் காலை சாப்பாடு மொயிங்காவையே எடுத்துக்கலாம், குழம்பு ஊத்தின நூடுல்ஸ் அது. "எல்லா மொயிங்காவுலயும் மீன் இருக்கு. நான் சாப்பிடறது மொயிங்கா. அதனால நான் சாப்பிடறதுல மீன் இருக்கு." இது நிக்கும். இப்ப இத பாருங்க: "எல்லா மொயிங்காவுலயும் மீன் இருக்கு. நான் சாப்பிடறதுல மீன் இருக்கு. அதனால நான் சாப்பிடறது மொயிங்கா." இது நிக்காது, ஏன்னா நான் வீட்டுல மீன் குழம்பு ஊத்தி சோறு சாப்பிட்டுட்டு இருக்கலாம். ரெண்டுலயும் அதே வார்த்தைங்கதான், வரிங்கள அடுக்கின விதம் மட்டும் மாறியிருக்கு, முதல் வாதம் செல்லும், ரெண்டாவது செல்லாது.

இத சொல்லும்போது ஒரு பையன் கைய தூக்கி "சயாமா, சில கடையில மீன் போடாமலும் மொயிங்கா செய்வாங்களே"ன்னான் (சயாமான்னா பர்மிய மொழியில டீச்சரம்மா). ரொம்ப நல்ல கேள்வி அது. அவன் சொல்றது சரின்னா முதல் வரியே பொய், ஆனா வாதத்தோட வடிவம் அப்பவும் செல்லும். "எல்லா மீனும் மரம் ஏறும், கெளுத்தி ஒரு மீன், அதனால கெளுத்தி மரம் ஏறும்" இதுவும் வடிவத்துல செல்லும், இங்க முதல் வரியும் பொய், முடிவும் பொய், அவ்வளவுதான். வடிவம் சரியாங்கறது ஒரு கேள்வி, சொன்ன வரி உண்மையாங்கறது வேற கேள்வி. புதுசா படிக்கறவங்க முதல் மாசம் பூரா குழம்பறது இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுத்தான்.

கணக்கு நல்லா வரணுமா?

வேண்டாம். கூட்டல் கழித்தல் கூட தேவைப்படாது. பொறுமை வேணும், பேப்பர் பென்சில் வேணும்.

எந்த மொழியில படிக்கறது? தமிழ்ல படிச்சா பின்னாடி கஷ்டமா?

எனக்கு இதுல உறுதியான கருத்து இருக்கு, நீங்க எந்த மொழியில கோவப்படறீங்களோ அந்த மொழியில ஆரம்பிங்க. லாஜிக் எழுதற குறியீடு (→, ¬ மாதிரி) உலகம் பூரா கிட்டத்தட்ட ஒண்ணுதான், அத எந்த மொழியில இருந்தும் போய் பிடிச்சுக்கலாம். தமிழ்ல இதுக்கு தருக்கம், அளவையியல்னு பழைய பேருங்களே இருக்கு. இலங்கையில உயர்தர வகுப்புல அளவையியலும் விஞ்ஞான முறையும்னு ஒரு பாடமே வெச்சு தமிழ்லயே சொல்லிக் குடுக்கறாங்க, அந்தப் பாடப் புஸ்தகம் கிடைச்சா விடாதீங்க.

பர்மிய மொழியும் தமிழும் இங்க ஒண்ணுக்கொண்ணு ரொம்ப பக்கம். நாம "மழை பெய்ஞ்சா"ன்னு வினைச்சொல்லுக்கு வால்ல "ஆ" சேக்கறோம், அவங்க "மோ யுவாயின்"னு வால்ல "யின்" சேக்கறாங்க. நாம "பெய்ஞ்சாத்தான்"னு சொல்ற இடத்துல அவங்க "யுவாஹ்மா"ன்னு "ஹ்மா" போடுவாங்க. ரெண்டு மொழிக்கும் உறவே கிடையாது, ஆனாலும் லாஜிக்குக்கு ரொம்ப தேவையான வித்தியாசத்த ரெண்டுமே ஒரே இடத்துல, சொல்லோட கடைசியில ஒட்டி வெச்சிருக்கு. எங்க வீட்டுப் பிள்ளைங்க அத அஞ்சு வயசுலயே சரியா பேசிடுதுங்க.

அது என்ன வித்தியாசம், "பெய்ஞ்சா"வுக்கும் "பெய்ஞ்சாத்தான்"க்கும்?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில் படிக்க நேரம் இருந்தா இத படிங்க.

"மழை பெய்ஞ்சா நடவு நடக்கும்." மழை வந்துச்சுன்னா நடவு உறுதி. ஆனா மழை இல்லாமலும் வாய்க்கால் தண்ணி விட்டு நடலாம், அத இந்த வரி தடுக்கல.

"மழை பெய்ஞ்சாத்தான் நடவு நடக்கும்." மழை இல்லன்னா நடவு கிடையாது. ஆனா மழை பெய்ஞ்சும் ஆள் கிடைக்காம நடவு நடக்காமப் போகலாம், அதயும் இந்த வரி தடுக்கல.

குறியீட்டுல அம்புக்குறி போட்டு எழுதுவோம். முதல் வரி: மழை → நடவு. ரெண்டாவது வரி: நடவு → மழை. ஆமா, அம்பு திரும்பிடுது! "நடவு நடந்திருக்குன்னா மழை பெய்ஞ்சிருக்கணும்"னுதான ரெண்டாவது வரி சொல்லுது, நிதானமா ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க.

இதுல சிக்கல் எங்க வருதுன்னா நாம வீட்டுல பேசும்போது ஒண்ணச் சொல்லி ரெண்டையும் சேர்த்து நினைச்சுக்கறோம். "வீட்டுப்பாடம் முடிச்சா விளையாடப் போலாம்"னு அம்மா சொன்னா, முடிக்கலன்னா போகக் கூடாதுன்னும் அதுக்குள்ள அர்த்தம் இருக்கு, பிள்ளைக்கும் அது தெரியும். பேச்சுல அது சரி. லாஜிக்ல எழுதினது மட்டும்தான் கணக்கு, அம்மா மனசுல நினைச்சது தனியா இன்னொரு வரியா எழுதப்படணும். ரெண்டு பக்கமும் அம்பு வேணும்னா "முடிச்சா போலாம், முடிச்சாத்தான் போலாம்"னு ரெண்டையும் சொல்லணும்.

"மழை பெய்ஞ்சா"ன்னு சொல்லிட்டு மழையே பெய்யலன்னா அந்த வரி உண்மையா பொய்யா?

உண்மை. இதக் கேட்டதும் எல்லாருக்கும் கோவம் வருது, எனக்கும் வந்துச்சு.

வாக்கு குடுக்கறதா நினைச்சுப் பாருங்க. எதிர்வீட்டு அக்காகிட்ட "மழை பெய்ஞ்சா உங்க துணிய நான் எடுத்து வெச்சிடறேன்"னு சொல்லியிருக்கேன். நாலு விதமா அந்த நாள் முடியலாம். மழை வந்துச்சு, எடுத்து வெச்சேன், வாக்கு காப்பாத்தினேன். மழை வந்துச்சு, எடுக்கல, வாக்கு தவறிட்டேன். மழை வரல, சும்மா எடுத்து மடிச்சு வெச்சேன், வாக்கு தவறல. மழை வரல, எடுக்கவும் இல்ல, அப்பவும் தவறல. நாலுல ஒரே ஒரு இடத்துலதான் அக்கா என்கிட்ட வந்து "என்னம்மா இப்படி பண்ணிட்ட"ன்னு கேக்க முடியும். அந்த ஒரு இடம் பொய், மத்த மூணும் உண்மை. அம்புக்குறியோட முழு அர்த்தமும் இவ்வளவுதான்.

ட்ரூத் டேபிள் எப்படி போடறது?

ட்ரூத் டேபிள்னா எது உண்மை எது பொய்ங்கற எல்லா விதத்தையும் வரி வரியா எழுதற அட்டவணை. இப்பதான் ஒண்ணு போட்டீங்க, அந்த நாலு நாள்தான் நாலு வரி. ரெண்டு வாக்கியம்னா 4 வரி, மூணுன்னா 8, நாலுன்னா 16, ஒவ்வொரு வாக்கியம் கூடும்போதும் ரெண்டு மடங்கு.

ஒரு நாள் கரண்ட் போயிடுச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துல நோட்டு சரியா தெரியல, அதனால தரையில புளியங்கொட்டையும் காஞ்ச பட்டாணியும் எடுத்து அடுக்கினோம். உண்மைக்கு கருப்பா இருக்கற புளியங்கொட்டை, பொய்க்கு வெள்ளைப் பட்டாணி. ஒவ்வொரு வரியிலயும் முதல் கொட்டை மழை, ரெண்டாவது ரோடு ஈரம், மூணாவது "மழை பெய்ஞ்சா ரோடு ஈரமாகும்". கருப்பு கருப்பு கருப்பு. கருப்பு வெள்ளை வெள்ளை. வெள்ளை கருப்பு கருப்பு. வெள்ளை வெள்ளை கருப்பு. அன்னையில இருந்து கரண்ட் இருந்தாலும் நாங்க கொட்டையிலதான் போடறோம், ஏன்னா ஒரு கொட்டைய கையில எடுத்து மாத்தி வெச்சா என்ன ஆகுதுன்னு பிள்ளைங்களுக்கு உடனே தெரியுது.

இத வெச்சு வாதத்த சோதிக்கறது இப்படி. "மழை பெய்ஞ்சா ரோடு ஈரமாகும். ரோடு ஈரமா இருக்கு. அதனால மழை பெய்ஞ்சிருக்கு." முதல் ரெண்டு வாக்கியமும் உண்மையா இருந்தும் முடிவு பொய்யா வர்ற வரி டேபிள்ல ஏதாவது இருக்கான்னு தேடுங்க. இருக்கு, மூணாவது வரி: மழை வெள்ளை, ஈரம் கருப்பு, அம்பு கருப்பு. அப்படி ஒரே ஒரு வரி கிடைச்சாலும் வாதம் செல்லாது. அந்த வரி நிஜத்துல எப்படி இருக்கும்னு கேட்டேன், ஒரு பொண்ணு டக்குனு "திஞ்ஜான்"னா. ஏப்ரல் மாசம், வானத்துல ஒரு மேகம் கிடையாது, தண்ணித் திருவிழாவுல ரங்கூன் ரோடு பூரா தொப்பலா நனைஞ்சு கிடக்கும். அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

"அல்லது"ன்னா ஒண்ணு மட்டுமா, ரெண்டும் இருக்கலாமா?

லாஜிக்ல சும்மா "அல்லது"ன்னா ரெண்டும் இருக்கலாம், ரெண்டும் இல்லாமப் போனாத்தான் பொய். "அண்ணனாவது தம்பியாவது கோயிலுக்கு வரட்டும்"னு சொன்னா ரெண்டு பேரும் வந்தா யாரும் திருப்பி அனுப்பப் போறதில்ல, அந்த "ஆவது"தான் லாஜிக்கோட "அல்லது". டீக்கடையில "டீயா காபியா"ன்னு கேக்கறது வேற வகை, அங்க ஒண்ணுதான்.

"எல்லாரும்", "சிலர்", "யாரும்" இதெல்லாம் எப்ப வரும்?

அடுத்த படியில. ஆனா இங்க ஒரு விஷயத்த நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு கோயில் அன்னதானத்துக்கு சமையல் பொறுப்பு எனக்கு வந்துச்சு, வெளியூர்ல இருந்து ரெண்டு பஸ் ஆளுங்க வர்றதா பேச்சு. காலையில போன் பண்ணி கேட்டா "எல்லாரும் வரலம்மா"ன்னு பதில். நான் ஒருத்தருமே வரலன்னு எடுத்துக்கிட்டு அரிசிய பாதியா குறைச்சிட்டேன். போன்ல பேசினவர் சொன்னது, எல்லாரும் வரல, கொஞ்சம் பேர் வர்றாங்கன்னு. பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் வந்து நின்னுச்சு. சாம்பார்ல தண்ணி ஊத்தி, பக்கத்து வீட்டுல இருந்து சோறு வாங்கி, கடைசி பந்திக்கு அப்பளம் கூட இல்ல. வயசானவங்க ஒண்ணும் சொல்லாம மோர் ஊத்தி சாப்பிட்டுட்டு எழுந்தாங்க, அந்த முகமெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த ஒரு வாக்கியத்துல ரெண்டு வடிவம் ஒளிஞ்சிருக்கு. "இல்லை"ங்கறது முழு வாக்கியத்துக்கு வெளிய நின்னா: எல்லாரும் வந்தாங்கங்கறது இல்லை, அதாவது ஒருத்தராவது வரல. உள்ள நின்னா: ஒவ்வொருத்தரும் வரல, அதாவது யாருமே வரல. குறியீட்டுல எழுதினா "இல்லை"ங்கற ¬ குறி எந்த இடத்துல நிக்குதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சிடும். "எல்லாம்"ங்கறத மறுத்தா "ஒண்ணாவது அப்படி இல்ல", "சிலது"ங்கறத மறுத்தா "எதுவுமே இல்ல", இத மட்டும் விரல் நுனியில வெச்சுக்கோங்க.

இதே குணம் "உம்"லயும் இருக்கு. "டீயும் பலகாரமும் ரெண்டும் கிடைச்சதுங்கறது இல்லை"ன்னா ரெண்டுல ஒண்ணாவது கிடைக்கல. "டீயாவது பலகாரமாவது கிடைச்சதுங்கறது இல்லை"ன்னா டீயும் இல்ல பலகாரமும் இல்ல. மறுப்பு உள்ள போகும்போது "உம்" "ஆவது"வா மாறுது, "ஆவது" "உம்"மா மாறுது. இதுக்கு டி மார்கன் விதின்னு பேரு, அந்த கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது 1806ல நம்ம மதுரையில! அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல இருந்தவர், குழந்தைக்கு ஏழு மாசம் ஆகும்போது குடும்பம் இங்கிலாந்து போயிடுச்சு. அவருக்கு தமிழ் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, ஆனா எங்க தாத்தா பாட்டி ஊர்ப் பக்கம் பிறந்தவர்னு சொன்னா பிள்ளைங்க நிமிர்ந்து உக்காருதுங்க.

இது வெள்ளைக்காரங்க படிப்புதான? நமக்கு எதுக்கு?

குறியீடு போட்டு எழுதற முறை ஐரோப்பாவுல இருந்து வந்தது, அத மறைக்க வேண்டியதில்ல. கிரேக்கத்துல அரிஸ்டாட்டில் ஆரம்பிச்சு வெச்சார், கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1847லயும் 1854லயும் எழுதின புஸ்தகங்கள்ல அத அல்ஜீப்ரா மாதிரி ஆக்கினார், 1879ல ஜெர்மன் கணித அறிஞர் ஃப்ரெகே "எல்லாம்", "சிலது"க்கு முழுசா ஒரு முறை குடுத்தார். 1937ல அமெரிக்க இன்ஜினியர் கிளாட் ஷானன் பூல் கணக்கையே கரண்ட் சுவிட்சுக்கு பொருத்திக் காட்டினார், உங்க கையில இருக்கற போன் வரைக்கும் அதுதான்.

ஆனா "அதனால"வ சோதிக்கறது எல்லா ஊர்லயும் நடந்திருக்கு. மணிமேகலையில 29வது காதைய எடுத்துப் பாருங்க, காஞ்சியில அறவண அடிகள்ங்கற பௌத்த துறவி மணிமேகலைக்கு பக்கம் (சொல்ற முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்)னு வாதத்தோட உறுப்புங்கள பிரிச்சு சொல்லிக் குடுக்கறார், மலையில நெருப்பு இருக்கு, ஏன்னா புகை இருக்கு, அடுக்களை மாதிரிங்கற உதாரணம் அங்கயே வருது. எது எது போலி வாதம்னும் பட்டியல் நீளமா போகுது. அந்த முறை வடிவத்தோட விஷயத்தையும் சேர்த்துப் பாக்கும், நாம இங்க படிக்கறது வடிவம் மட்டும், அந்த வித்தியாசம் இருக்கு.

இங்க பர்மாவுல பிக்குகள் அபிதம்மம், அதாவது பௌத்த தத்துவத்த நுணுக்கமா பிரிச்சு விளக்கற நூல் தொகுதிய, ரொம்ப ஆழமா படிப்பாங்க. அதோட ஏழு நூல்ல ஆறாவது யமகம், யமகம்னா ஜோடி. கேள்விங்க ஜோடி ஜோடியா வரும். (குசலம்னா நல்லது, தம்மம்னா நிலை, மூலம்னா வேர்.) "குசலமான தம்மமெல்லாம் குசல மூலமா?" இல்ல, மூலம் மூணுதான், மத்த குசல தம்மமெல்லாம் மூலம் இல்ல. "குசல மூலமெல்லாம் குசலமா?" ஆமா. பாத்தீங்களா, அம்பத் திருப்பிப் போட்டா பதில் மாறுதுங்கறத ஒரு பெரிய நூல் பூரா கேட்டுக் கேட்டு பழக்குது. நம்ம மொயிங்கா உதாரணமும் அதே ஜோடிதான்.

எனக்கு புரிஞ்சிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

1966ல பீட்டர் வேசன்னு ஒரு மனோதத்துவ ஆய்வாளர் வெச்ச சீட்டு சோதனைய தமிழ் எழுத்துல போட்டுத் தர்றேன். நாலு சீட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேல தெரியறது: அ, க, 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும். விதி மீறப்பட்டிருக்கான்னு பாக்க எந்தெந்த சீட்ட கட்டாயம் திருப்பணும்? கீழ போகாம முதல்ல யோசிங்க.

அ சரி, எல்லாரும் சொல்வாங்க. கூடவே பெரும்பாலானவங்க 4ஐ திருப்புவாங்க, அது தேவையில்ல. 4க்கு பின்னாடி க இருந்தாலும் விதி உடையாது, இரட்டைப்படைக்குப் பின்னாடி உயிரெழுத்துதான் இருக்கணும்னு யாரும் சொல்லல. திருப்ப வேண்டியது 7, அதுக்குப் பின்னாடி உயிரெழுத்து இருந்தா விதி போச்சு. வாக்கு தவறின அந்த ஒரு வரிசை ஞாபகம் இருக்கா, முன்னாடி உண்மை, பின்னாடி பொய்? அ சீட்டும் 7 சீட்டும் மட்டும்தான் அந்த வரிசைய மறைச்சு வெச்சிருக்க முடியும்.

எந்த வரிசையில படிக்கறது, எவ்வளவு நாள் ஆகும்?

முதல்ல அஞ்சு இணைப்பு: இல்லை, உம், அல்லது, அம்பு, ரெண்டு பக்க அம்பு. அப்புறம் டேபிள். அப்புறம் டேபிள் இல்லாம படிப்படியா நிரூபிக்கறது, ஜெர்மனியில கெண்ட்சன் 1930கள்ல அமைச்ச இயற்கை வருவிப்பு முறை புதுசா படிக்கறவங்களுக்கு நல்லா ஒத்துவரும். அப்புறம்தான் "எல்லாம்", "சிலது". எங்க பிள்ளைங்களுக்கு டேபிள் கைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு, வாரம் ஒரு நாள் கிளாஸ், மத்த நாள் வீட்டுல அரை மணி நேரம். வீடியோ பாத்தா புரிஞ்ச மாதிரி இருக்கும், கையால போடலன்னா ரெண்டு நாள்ல போயிடும். நாலஞ்சு பேரா சேந்து படிங்க, நீங்க போட்டத இன்னொருத்தர் சோதிக்கணும்.

வாக்குவாதத்துல ஜெயிக்கலாமா?

அதுக்காக வராதீங்க. மச்சான் சொன்னதுல வடிவம் தப்புன்னு காட்டிட்டா அவர் முடிவு பொய்னு ஆகிடாது, அவர் குடுத்த காரணம் அந்த முடிவுக்கு கொண்டு போகலன்னு மட்டும்தான் அர்த்தம். முடிவு வேற காரணத்தால உண்மையா இருக்கலாம்.

பழகறதுக்கு ரெண்டு மூணு கணக்கு குடுங்களேன்?

ஒண்ணு: "கரண்ட் இருந்தா மோட்டார் ஓடும். மோட்டார் ஓடல. அதனால கரண்ட் இல்ல."

ரெண்டு: "பூஜை முடிஞ்சாத்தான் பிரசாதம் குடுப்பாங்க. பூஜை முடிஞ்சிடுச்சு. அதனால பிரசாதம் குடுத்துட்டாங்க."

மூணு: "கடைக்காரங்கள்ல சிலர் தமிழ் பேசுவாங்க. தமிழ் பேசறவங்கள்ல சிலர் தெலுங்கும் பேசுவாங்க. அதனால கடைக்காரங்கள்ல சிலர் தெலுங்கு பேசுவாங்க."

முதலாவது செல்லும். மோட்டார் ரிப்பேரா இருக்கலாமேன்னு கேட்டீங்கன்னா நீங்க முதல் வரிய சந்தேகப்படறீங்க, வடிவத்த இல்ல. ரெண்டாவது செல்லாது, "ஆத்தான்" இருக்கறதால அம்பு பிரசாதத்துல இருந்து பூஜைக்குப் போகுது, பூஜை முடிஞ்சும் பிரசாதம் இன்னும் அடுப்புல இருக்கலாம். மூணாவதுக்கு தரையில மூணு வட்டம் வரைங்க. தமிழ் வட்டம் நடுவுல, கடைக்காரங்க வட்டம் இடது பக்கம் அத கொஞ்சம் வெட்டிக்கிட்டு, தெலுங்கு வட்டம் வலது பக்கம் அத கொஞ்சம் வெட்டிக்கிட்டு. இடதும் வலதும் ஒண்ணையொண்ணு தொடாமலே ரெண்டு வரியும் உண்மையா நிக்குது, அதனால செல்லாது.